படத்தில் இல்லாத கிளை

பெங்களூரில் நண்பர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடிச் சித்திரம் ஒன்று இருக்கிறது. கப்பன் பூங்காவின் குல்மோகர் மரம், மே மாதத்துச் சிவப்பில். கீழே பித்தளைத் தகட்டில் ஓர் உள்அலங்கார நிறுவனத்தின் பெயர். “செய்தவர் சிவாஜிநகர்க்காரர், தமிழர்தான்” என்று நண்பர் சொன்னதும், அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மாடியில் ஒற்றை அறைப் பட்டறை. மேசைமேல் எண் போட்ட காகித அச்சுகள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, செங்குத்தாகப் பிடித்து, ஒரே இழுப்பில் கோடு போட்டார். சத்தம் சீராக வந்தால்தான் கோடு சரியாம். அடியில் இரண்டு தட்டு. கண்ணாடி கோட்டோடு பிரிந்து வந்தது. பிறகு ஓரம் தேய்ப்பது, ஈயப் பட்டியில் பொருத்துவது, பற்றவைப்பது எல்லாம் நடந்தன. என் மனம் அந்தக் கோட்டிலேயே நின்றுவிட்டது.

குல்மோகர் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இடப்பக்கம் வளைந்து இறங்கும் கிளை. அதைச் சொன்னேன். “அது படத்துலயே கிடையாது சார். கம்ப்யூட்டர்ல போட்டவங்க, பூவ வானத்துக்குள்ள ஆழமா வளைச்சிட்டாங்க. உள்வளைவு அவ்வளவு ஆழமாப் போனா கண்ணாடி தாங்காது. ஒரு கோடு குடுத்து ரெண்டாப் பிரிக்கணும். சும்மா கோடு போட்டா விரிசல் மாதிரி இருக்கும். அதான் கிளையா இழுத்துட்டேன்.”

எங்கே கற்றீர்கள், அண்ணா? சிவாஜிநகரின் புனித மரியன்னை பசிலிக்காவைச் சொன்னார். 1882இல் எழுந்த கோதிக் ஆலயம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் வண்ணச் சன்னல்களைக் கழற்றி வைத்து, 1947இல்தான் மறுபடி பொருத்தினார்கள். காலைப் பூசையில் அம்மாவின் வெள்ளைச் சேலையில் நீலமும் சிவப்பும் மெல்ல நகர்வதைப் பார்த்தபடி வளர்ந்தவர் இவர்.

கண்ணாடியில் செய்பவரின் பெயர் எல்லா இடத்திலும் மறைவதில்லை. 1962இல் அமெரிக்காவின் டொலீடோவில் ஹார்வி லிட்டில்டன் என்ற கலைஞர் கண்ணாடி உருக்கும் சிறிய உலையோடு பட்டறை நடத்தியபின், கலைஞரே உலை முன் நிற்கும் வழக்கம் பரவியது. நம் நாட்டில் வார்ப்புக் கண்ணாடிச் சிற்பங்கள் செய்யும் ஹேமி பாவா போன்றவர்களை அவர்கள் பெயராலேயே அறிகிறோம். கட்டடங்களுக்கான கண்ணாடியில் மட்டும் வரைபவர் ஓரிடம், வெட்டுபவர் ஓரிடம். வேலை நிறுவனத்திடமிருந்து காண்ட்ராக்டருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் கை மாறி வருகிறது. கூலி சதுர அடிக்கு. நாலே துண்டில் முடியும் வெறும் வானத்துக்கும், நாற்பது துண்டுப் பூங்கொத்துக்கும் ஒரே கூலி! வெட்டும்போது உடைந்தால் நட்டம் இவருடையது. அந்தக் கிளைக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. இதைத் தொழில் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது, இது பறிப்பு.

12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கெர்லாக்கஸ் என்ற கண்ணாடி ஓவியர் தூரிகையும் கையுமாகத் தன்னையே சன்னலில் தீட்டி, பெயரையும் எழுதிவைத்ததைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த கறுப்பு மையால் எழுதி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் எழுத்து அழியாது என்று விளக்கினார். மூலையில் இருந்த சூளையையும் காட்டினார்.

“நீங்களும் எழுதலாமே?”

“எழுதினா காண்ட்ராக்டர் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாரு சார். நீங்களும் என் பேரப் போட்டுடாதீங்க.”