எடுத்துப்போன பன்னிரண்டு வளைவுகள்

ஜூன் 11

தென் பிரான்சில் நீம் நகரத்தைச் சுற்றிக் குடும்பத்தோடு ஒரு பகல் போய்வர வழி கேட்டால் எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் சொல்கிறார்கள். வெயில் ஏறுமுன் பொன் து கார் பாலம். நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய்க்காக ரோமானியர் கட்டியது, 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், படம் எடுக்கத் தோதான இடம். பிறகு சாப்பாட்டுக்கு ஒரு கிராமம், ஐஸ்கிரீமுக்கு இன்னொன்று, பொழுது மிஞ்சினால் உஸேஸ் கடைவீதி. சிதிலம்தான் வரலாறு, கிராமம் இளைப்பாறும் இடம் என்ற எண்ணம் இந்தத் திட்டத்துக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாலம் கால்வாயாக இருந்த காலம் ஐந்நூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிந்தைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் அதை வைத்து வாழ்ந்தவர்கள் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். கிராமங்களை முதலில் பார்க்காதவருக்குப் பாலத்தின் கதை முக்கால்வாசி விட்டுப்போகிறது.

ஏன் என்பதற்குக் கட்டுமானத்திலிருந்தே தொடங்க வேண்டும். உஸேஸ் அருகே எர் ஊற்று. அங்கிருந்து நீம் நகரம் நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் குன்றுகள் மறிப்பதால் கால்வாய் சுற்றிச்சுற்றி 50 கிலோமீட்டர் போகிறது. அவ்வளவு தொலைவுக்கும் மட்ட வித்தியாசம் 12 மீட்டர் சொச்சம். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு சாண் சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் இதைக் கண்ணளவாலும் மட்டப்பலகையாலும் சாதித்தவர்களைப் புகழாமல் இருக்க முடியாது. ஆனால் யாருக்காகச் சாதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். நீம் நகரத்துக்குச் சொந்தமாக ஓர் ஊற்று ஏற்கெனவே இருந்தது. தாகத்துக்கு அது போதாமல் போகவில்லை. குளியல் மண்டபங்களுக்கும் நகர நீரூற்றுகளுக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. 1844-இல் நீம் நகரில் வெளிப்பட்ட வட்டத் தொட்டி இன்றும் இருக்கிறது. அதன் சுவரில், ஈயக் குழாய்கள் நகருக்குள் பிரிந்துபோவதற்காகக் குடைந்த பத்துத் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். அத்தனையும் நகரத்தை நோக்கியவை. ரோம் நகரின் நீர் அதிகாரியாக இருந்த ஃப்ரோண்டினஸ், கால்வாயோரத்து நிலக்காரர்கள் தோட்டத்துக்காகக் கரையைத் துளைத்துவிடுகிறார்கள் என்று தம் நூலில் குறைபட்டிருக்கிறார். தலைநகரின் வாசலிலேயே அந்த நிலை. தன் ஊர் வழியே ஓடும் தண்ணீர் தன் வயலுக்கு இல்லை என்பதை எந்த ஊர் விவசாயிதான் பொறுத்துக்கொள்வான்?

ஜூன் 12

கால்வாய் நின்றுபோன கதை இன்னும் சுவையானது. படையெடுத்து வந்தவர்கள் உடைத்ததாலேயே கால்வாய் செத்துப்போனது என்று பலரும் நினைக்கிறார்கள். அதைக் கொன்றதில் பெரும்பங்கு தண்ணீருடையது. எர் ஊற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். நாலாம் நூற்றாண்டுக்குப் பிறகு செதுக்கிச் சுத்தம் செய்யும் ஆட்கள் குறைந்தார்கள். இருபுறமும் சுண்ணாம்பு படிந்து, சில இடங்களில் வழியின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிட்டது. அந்தப் படிவை வெட்டிப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல வெளிர் மஞ்சளும் பழுப்புமாக வரிவரியாக இருக்கும். அதை அருகூர்க்காரர்கள் வீணாக விடவில்லை. சமமான பாளங்களாகப் பெயர்த்தெடுத்துச் சுவருக்கு வைத்தார்கள். சேன் பொனே து கார் கிராமத்து மாதாகோவில் சுவரில் அந்த வரிக்கல் இருக்கிறது. நகரத்துக்குப் போன தண்ணீர் வழியில் உதிர்த்துவிட்டுப் போன சுண்ணாம்பு, நூற்றாண்டுகள் கழித்துக் கிராமத்துக் கோவிலுக்குச் சுவரானது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் எந்தப் பானையும் இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பாலத்தின் மேல்வரிசையில் முதலில் 47 வளைவுகள் இருந்தன, இன்று 35 நிற்கின்றன. மீதிப் பன்னிரண்டை இடைக்காலத்தில் கல்லுக்காகப் பிரித்துக்கொண்டு போனார்கள். கீழ் இரண்டு வரிசைகளில் ஏன் கைவைக்கவில்லை? பக்தியால் அல்ல. அங்கே சாந்தே இல்லாமல் அடுக்கிய கற்களில் பெரியவை ஆறு டன் எடை. மேல்வரிசைக் கற்கள் சிறியவை, மாட்டுவண்டி தாங்கும். கிராமத்தார் தியாகிகள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதே கணக்கு பாலத்தைக் காப்பாற்றவும் செய்தது. ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லாத இடத்தில் நடுவரிசைத் தூண்களைப் பக்கவாட்டில் குடைந்து பாதை அமைத்தார்கள். கடந்துபோனவர்களிடம் அவ்வட்டாரப் பிரபுக்களும் ஆயர்களும் சுங்கம் வாங்கினார்கள். அந்தக் குடைவு ஆபத்தானது, தூண்களின் கனத்தையே குறைத்தது. ஆனால் காசு கொடுத்த பாலத்தை யாரும் இடிந்துவிழ விடவில்லை. 1700-ஐ ஒட்டிக் குடைவை அடைத்துப் பலப்படுத்தினார்கள். 1743 முதல் 1747 வரை ஆன்ரி பித்தோ பழைய பாலத்தின் தோளோடு ஒட்டிப் புதுச் சாலைப்பாலம் கட்டினார். 2002 செப்டம்பரில் கார்தோன் ஆறு பேய்வெள்ளமாகப் பெருகியபோதும் இரண்டும் நின்றன.

ஜூன் 13

இதற்கு எதிர்வாதம் பலமாகவே இருக்கிறது. கல் எடுத்தவனைப் பாதுகாவலன் என்று சொன்னால் நாளைக்கு எந்தச் சின்னம் மிஞ்சும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, சான்று நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1769-இல் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ, வீராம்பட்டினத்து மக்கள் பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதை எழுதிவைத்தார். அந்த இடம்தான் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமப் பானை ஓடுகள் கிடைத்தாலும், சுவர்கள் பல இடங்களில் செங்கல் உருவப்பட்ட பள்ளங்களாகத்தான் மிஞ்சியிருந்தன. மண்ணுக்கடியில் கிடக்கும் செங்கல்லை எடுத்தால் வரலாறே போய்விடுகிறது. ஆகவே எடுத்துப் பயன்படுத்தியது எல்லாம் நல்லது என்பதல்ல என் வாதம். இன்றைய சட்டம் தடுப்பது சரி. தடையில்லாத காலத்தில் எடுத்தவர்களைக் கொள்ளையர் என்று ஒரே வரியில் எழுதி மூடிவிட்டு, அந்தக் கல் போய்ச்சேர்ந்த ஊரைப் பார்க்காமலே திரும்புவதுதான் தவறு.

இன்னொரு கேள்வி வரும்: ரோமச் சின்னத்தை ரோமச் சின்னமாகத் துலக்கிக் காட்டினால் என்ன கெட்டுவிடும்? ஆர்ல் நகரம் பதில் சொல்கிறது. அங்குள்ள ரோம வட்ட அரங்குக்குள் இடைக்காலத்தில் ஒரு ஊரே குடியேறியது. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள், சிற்றாலயங்கள், வெளிச்சுவர்மேல் காவல் கோபுரங்கள். 1820-களின் நடுவில் வீடுகளை அகற்றத் தொடங்கி அரங்கைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். விளைவு கண்ணுக்கு அழகு. ஆனால் அரங்கு அவ்வளவு காலம் இடியாமல் நின்றதே அந்தக் குடிகளுக்கு அது கோட்டையாக இருந்ததால்தான். காத்தவர்களின் தடயத்தைத் துடைத்துவிட்டுக் கட்டியவர்களின் தடயத்தை மட்டும் மிச்சம் வைப்பதும் ஒருவகை இடிப்பே. மூன்று கோபுரங்களையாவது விட்டுவைத்தார்களே.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா, பாலத்தைக் காட்டினால் போதாதா என்பது நடைமுறைக் கேள்வி. பெரிய பாலம் பத்து நிமிடம் வாயைப் பிளக்க வைக்கும், பிறகு ஆற்றில் குளிக்கப் போகலாமா என்பார்கள் என்றுதான் நான் எதிர்பார்ப்பேன். மாறாக, கோவில் சுவரில் வரிவரியான கல்லைக் கண்டுபிடி என்று சொன்னால் அது அவர்கள் கைக்கெட்டிய உயரத்தில் இருக்கும் வேலை. அதனால் வரிசையை மாற்றுவேன். காலையில் உஸேஸ் அருகே எர் ஊற்று. அடுத்து வெர் கிராமம். பாலத்துக்குக் கல் கொடுத்த பாறைக்குச் சொந்தக்கார ஊர் அது. அந்த மஞ்சள் கல்லை இன்றும் அங்கே அறுத்து விற்கிறார்கள். பிறகு காஸ்தியோன் மேட்டிலிருந்து பள்ளத்தாக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, சேன் பொனே மாதாகோவில். பாலம் கடைசியில், மாலை வெயிலில். அப்போது தூண்களில் துருத்தி நிற்கும் சாரக்கற்கள் நன்றாகத் தெரியும், நாடெங்கும் நடந்து தொழில் பழகிய பிற்காலக் கொத்தர்கள் சுத்தியலும் மூலைமட்டமுமாகச் செதுக்கிவிட்டுப் போன அடையாளங்களும் தெரியும். 1855-இலிருந்து 1858 வரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் சார்ல் லேனே மாற்றிவைத்த கற்களும் அவற்றுக்கு நடுவே கலந்திருக்கின்றன. இதில் எது ரோமானியர் வைத்த கல் என்று பிள்ளை கேட்டால், காலையில் பார்த்த மாதாகோவில் சுவரையும் சேர்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.