வீட்டுக்குள் எதற்கு வாட்ச்?

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் வாட்ச் கட்டுவது நின்றுபோனது. மணி பார்க்கத்தான் போன் இருக்கிறதே! ஆனால் மணி பார்க்க எடுத்த போன் லேசில் கீழே இறங்காது. வாட்ஸ்அப், யூடியூப் என்று சுற்றிவிட்டு வைக்கும்போது, மணி என்ன என்பதே மனதில் இருக்காது.

இப்போது குளித்ததும் வீட்டிலேயே கட்டிக்கொள்கிறேன். அப்பாவின் பழைய எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க இறங்கிய அரசு நிறுவனம் அது. இந்த வாட்சுக்குப் பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும்போது மட்டும் கழற்றிவிடுவேன், தண்ணீர் ஆகாது.

“வீட்டுக்குள்ள எதுக்குங்க வாட்ச்?” என்கிறாள் மனைவி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற பொருள் ஒன்றாவது வீட்டில் வேண்டாமா?

நீங்கள் வீட்டில் கட்டுவதுண்டா?