மிஸ்டு கால் கணக்கு

பிப்ரவரி 17, 2025, திங்கள்

ஏலக்கடை நோட்டைத் திருப்பிப் போட்டு கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் மீன் கணக்கு. பின்பக்கம் இனி என் கணக்கு.

தஞ்சாவூரில் மச்சானுக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கருத்து, சுருங்கி, புளியங்கொட்டை மாதிரி ஆகியிருந்தன. சர்க்கரையாக இருக்கும் என்று ஆறு மாதமாக வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். சர்க்கரையே கிடையாதாம். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு காலை வரைந்து, நுனி வரை கோடு கோடாக இழுத்துக் காட்டினார். பர்ஜர் நோய். 1908இல் நியூயார்க்கில் பர்ஜர் என்ற மருத்துவர் விவரித்து எழுதியது. சின்ன ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கை கால் நுனிகள்தான் முதலில் சாகும். வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே புகையிலைக்காரர்கள்.

மருந்து கேட்டோம். "பீடிய அடியோட விடணும். நாளைக்கு ஒன்னு ரெண்டுன்னு மிச்சம் வச்சாலும் இது நிக்காது. அடுத்து பாதம், அப்புறம் முழங்கால்" என்றார். நிகோடின் சூயிங்கம் இருக்கிறதே என்றேன். அதிலும் இருப்பது நிகோடின்தான், இவருக்கு அதுவும் வேண்டாம் என்றுவிட்டார்.

முப்பது வருஷம் மீன் லாரி ஓட்டியவன் மச்சான். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. கட்டிலில் படுத்தபடி என் மனைவி முன்னால் சொன்னான்: "நீ விட்டா நான் விடுறேன் மாப்ள." அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் கால் அப்போதே என் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. நோவு அவனுக்கு, பத்தியம் எனக்கு.

பேராவூரணியில் பஸ் மாறும்போது ஒன்று இழுத்தேன். அதுதான் கடைசி.

பிப்ரவரி 18

கொடுவா 12 கிலோவை 21 என்று எழுதி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

மருந்துக் கடையில் நிகோடெக்ஸ், 2 மில்லிகிராம். சீட்டு கேட்கவில்லை. மெல்லும்போது தொண்டை காரமாக எரிகிறது. சும்மா மெல்லக் கூடாது, இரண்டு கடி கடித்துக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும் என்று கடைக்காரப் பையன் சொன்னான். மச்சானுக்குக் கூடாதது எனக்கு வாயில் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

27 வருஷத்தில் நான் முழுப் பெட்டி வாங்கியதே இல்லை. ஒற்றையாகத்தான். அதனால் பெட்டியில் 85 சதவீதத்துக்குப் போட்டிருக்கும் அந்தத் தொண்டைப் படத்தை நேராகப் பார்த்ததும் இல்லை. இன்று பெட்டிக்கடைக்காரரிடம் காலிப் பெட்டி ஒன்றை வாங்கிப் படித்தேன். படத்துக்குக் கீழே 1800-11-2356. 2018 முதல் அந்த எண் அதில் இருக்கிறதாம். ஒற்றை வாங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? நம் ஊரில் பாதிப்பேர் ஒற்றைதான்.

காசில்லாத நம்பர். தமிழில் ஒரு பெண்குரல் வந்தது. என் மகள் வயது இருக்கும். தேவை வந்தால் சண்டை போடாதீங்க, நாலைந்து நிமிஷம் தள்ளிப்போடுங்க, தண்ணி குடிங்க, மூச்சை இழுத்து விடுங்க, எழுந்து வேற வேலை பாருங்க என்றது. நமநமப்பு என்று நாம் சொல்வதைத்தான் அந்தப் பெண் "தேவை" என்றது. கூட யாராவது இருக்காங்களா என்றும் கேட்டது. ஒரு காலுக்கு இரண்டு விரல் குறைந்த ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்றேன். சிரிக்கவில்லை. "அவர்கிட்ட பேசுங்க சார்."

பிப்ரவரி 20

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று ஏற்பாடு செய்தோம். நமநமவென்று வந்தால் ஒரு மிஸ்டு கால். தாண்டிவிட்டால் இன்னொன்று. எடுக்க வேண்டாம், பேச வேண்டாம், பைசா செலவில்லை. இந்தப் பக்கம் இருப்பவன் போனைப் பார்த்தால் போதும். ஐஸ் கம்பெனி பாயும் சேர்ந்துகொண்டார். "நமக்கும் நெஞ்சு கரகரங்குது கணக்குப்புள்ள, மூணாவது ஆளாப் போட்டுக்கங்க."

முதல் நாளே மச்சானிடமிருந்து பத்தொன்பது. நான் பதினான்கு. பாய் இரண்டு. இரண்டை நம்பவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினேன். உப்பு இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் காய்ந்த நெல்லிக்காயும் சீரக மிட்டாயும் ஒரு டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தாள்.

நாலு நாளாக வயிறும் போகவில்லை. இதையெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பிப்ரவரி 26

டீக்கடையில் "இங்கு புகை பிடிக்கக் கூடாது" பலகை. அதற்கு நேர் கீழே, லைட்டர் கட்டின கயிறு. 2008 காந்தி ஜெயந்தி அன்று பொது இடத்தில் தடை வந்தபோது மாட்டிய பலகை என்று மாஸ்டர் சொல்கிறார். பலகைக்கு வயதாகி எழுத்து மங்கிவிட்டது. கயிறு மட்டும் புதுசு.

டீ குடித்தால் கை நடுங்குகிறது. தினமும் ஆறு குடிக்கிற ஆள் நான், இது என்ன புதுசாக? அந்த நம்பருக்கு மறுபடி போட்டேன். புகை ஈரலைத் தூண்டி டீயில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்குமாம். புகை நின்றால் அதே டீ உடம்பில் அதிக நேரம் நிற்கும். ஆறை மூன்றாக்குங்கள் என்றார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் பிடுங்கினால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

மார்ச் 2, ஞாயிறு

இன்று முதல் நோன்பு. பாயின் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தேன். உப்புக்காற்றில், கட்டி உடைக்கிற சத்தத்துக்கு நடுவே, அந்த மனுஷர் பச்சைத் தண்ணீர் இல்லாமல் ஐந்தரை மணி வரை நின்று வேலை பார்த்தார். பீடி நினைப்பே வரவில்லையா என்றேன்.

"நிய்யத்து வச்சாச்சுல்ல. வராது."

"அப்ப சாயங்காலம்?"

சிரித்தார். "பள்ளியில கஞ்சி குடிச்சு முடிக்கிற வரைக்கும்கூட வராது. செருப்ப மாட்டுறப்ப வரும் பாருங்க, நாய் மாதிரி."

பதின்மூன்று மணி நேரம் சும்மா இருக்கிற அதே உடம்பு, செருப்பு மாட்டும்போது ஏன் குலைக்கிறது? நைட்டெல்லாம் யோசித்தேன். எனக்கும் ஏலம் நடக்கும்போது வருவதில்லை. ஏலம் முடிந்து பணத்தை எண்ணிக் கட்டு போட்டதும் வரும். பஸ்ஸில் வராது, இறங்கினதும் வரும். பிணத்துக்குப் பக்கத்தில் வராது, குளித்துவிட்டு வந்ததும் வரும். ஏதோ ஒன்று முடிந்தது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நெருப்புதான். இப்போது எதுவும் முடிய மாட்டேன் என்கிறது. நாள் பூராவும் ஒரே நீளமாகக் கிடக்கிறது.

மச்சான் இன்று ஒன்பது.

மார்ச் 11

காலையில் ஏலக்கூடத்துக்குள் நுழைந்ததும் குமட்டியது. நண்டு, ஓரா, திருக்கை, ஐஸ் கரைந்த தண்ணீர், டீசல் எல்லாம் தனித்தனியாக மூக்கில் ஏறுகிறது. 27 வருஷமாக இந்த நாற்றத்துக்குள் நின்றிருக்கிறேனா? பக்கத்தில் கூடை தூக்குகிற அம்மாவிடம் சொன்னால், "இன்னைக்குத்தான் மூக்கு மொளைச்சுச்சாக்கும்" என்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் மனைவியின் புடவையில் நான் கொண்டுவந்து சேர்த்த மீன் வாடை. அவள் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோப்பு போட்டுக் குளித்துவிட்டு உள்ளே போனேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள்.

மார்ச் 12

ஒரு ரிங்கும் இல்லை, யாரிடமிருந்தும். அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 22, சனி

எழுதாமல் விடலாம். கணக்கு எழுதுகிறவன், விடக் கூடாது.

சண்டை இல்லை, துக்கம் இல்லை. காற்று நன்றாக வந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. இந்தப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பது சும்மா இல்லை. நல்ல விலை போன நாள், கையில் காசு. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு டிரைவர் நீட்டினான், வாங்கிக்கொண்டேன். முழுசாக இழுத்தேன். தலை சுற்றியது, ருசியும் இல்லை. போட்டு மிதித்துவிட்டு மச்சானுக்கு ஒரு ரிங் விட்டேன். உடனே இன்னொன்றும் விட்டேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். பாய் வீட்டில் பிரியாணி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பாய் தானாகவே சொன்னார், நோன்பு முழுக்க ராத்திரி மூன்று இழுத்தேன், ஒரு நாளும் ரிங் விடவில்லை, மன்னிச்சுக்கங்க என்று. மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "பெரிய கட்டு மூணாக் குறைஞ்சிருக்குல்ல பாய்" என்றான். எனக்கு வாயில் பீர்னி இருந்தது. அதை விழுங்கிவிட்டு நானும் சொல்லியிருக்கலாம். அதற்குள் பேச்சு பாபா படத்துக்குப் போய்விட்டது. 2002இல் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போடுவதற்கு எதிராக பா.ம.க. போராடியபோது லாரி எங்கே மாட்டிக்கொண்டது என்று மச்சான் ஒரு கதை வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஊர் மாறும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

விசைப்படகுகளுக்கு இன்று முதல் 61 நாள் தடை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் எல்லாம் கரையில். நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறும், எனக்கு ஓய்வு கிடையாது.

ஏப்ரல் 17, வியாழன்

ராத்திரி 2.40க்கு மச்சானிடமிருந்து ஒரு ரிங். எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம். பத்து. இரண்டாவது வரவில்லை. மனைவியும் எழுந்துவிட்டாள், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் திண்ணையில், காலை நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ஒரு பீடி. பற்றவைக்கவில்லை. இல்லாத விரல்கள் எரிகின்றன என்றான். வெட்டியெடுத்த பிறகும் அப்படி எரியுமாம், டாக்டரும் சொல்லியிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றரை இருக்கும், கடல் பக்கம் ஒரு பைபர் படகின் இன்ஜின் இரண்டு தரம் திணறிவிட்டுப் பிடித்தது. அது தூரம் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உன் ரெண்டாவது ரிங் வர ஆறு ஏழு நிமிஷம் ஆகும் மாப்ள," என்றான் மச்சான். "நான் மணி பாப்பேன். அந்த ஐஸ் கம்பெனி அன்னைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."

ஐஸ் கம்பெனி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. டிரைவர்கள் எல்லாம் அவனுக்குத் தெரிந்தவர்கள்.

"பாய் வீட்டுலயே கேட்டிருக்கலாம்ல."

"நீ பீர்னி சாப்புட்டுக்கிட்டு இருந்த."

சூயிங்கம் விஷயத்தைச் சொன்னேன். அதுவும் தெரியும், வாயில் புதினா வாசம் வருது என்றான்.

விடிந்ததும் ஏலத்துக்குப் போக எழுந்தேன். பீடியை என் சட்டைப்பையில் செருகிவிட்டான். நெல்லிக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் வளைந்திருக்கிறது, உடையவில்லை.

9.15க்கு மச்சானிடமிருந்து ஒரு ரிங். 9.22க்கு இன்னொன்று.