கடவுச்சீட்டும் கிணற்று நீரும்

அயல்நாடு சென்று கற்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்று எங்கள் தெருவில் எண்ணியிருந்தோம். 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தில் தமிழக மாணவர் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் சென்று செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் பயின்ற செய்தி அவ்வெண்ணத்தை மாற்றியது. அத்தகைய வாய்ப்பை எதிர்நோக்கி நானும் ஆயத்தமாகி வருகிறேன்.

முதலில் கடவுச்சீட்டு. கட்டணம் 1,500 ரூபாயை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சுமை இறக்கும் அப்பா தந்தார். சீட்டு வந்ததும், கொத்து வேலைக்குக் குவைத் சென்ற சித்தப்பாவின் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் அத்தகைய நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அவர்கள் ஏமாற்றப்படாமல் காக்கவே இவ்வேற்பாடு. அவர் சீட்டிலிருந்த அக்குறிப்பு என் சீட்டில் இல்லை.

"ஒரு மார்க் ஷீட்டுக்கா இவ்ளோ மதிப்பு?" என்றார் அப்பா.

சீட்டு மட்டும் போதுமா? கொண்டு செல்ல ஒரு கேள்வியும் வேண்டாமா? எங்கள் தெருக் கிணற்று நீர் உவர்ப்பது ஏன்? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கும் அதுதானா, வேறு காரணமா? நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுடன் கிணறுதோறும் நீர் எடுத்து, வேதியியல் ஆய்வகத்தில் ஆவியாக்கி, எஞ்சும் உப்பை நிறுத்து எழுதுகிறோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு.

குறிப்பேட்டில் எண்கள் பெருகுகின்றன. அவற்றைப் பேச வைக்கும் கல்வியே எனக்கு வேண்டும். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அளப்பதை நிறுத்தப் போவதில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் நீரையும் ஒரு புட்டியில் கொண்டு வாருங்கள்!