வோல்டமோர்ட் கோட்டை விட்ட இடம்

பையன் லேப்டாப்புக்கு விண்டோஸ் புதுசா போடணும்.

"அப்பா, என் கேம் சேவ் எல்லாம் போயிடாதுல்ல?"

பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட அந்த முகத்துல இந்த பயம் வந்ததில்ல.

லுடுசாவின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஓப்பன் சோர்ஸ்.
ஒரு கேம் டாக்குமென்ட்ஸ்ல சேவ் பண்ணும். இன்னொண்ணு ஆப்டேட்டாவுக்குள்ள ஒளிச்சு வைக்கும்.
லுடுசாவி எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு ஒரே ஃபோல்டர்ல போட்டுடுது.

அது ஸ்கேன் பண்ற நேரத்துல, பக்கத்துல கிடந்த ஆறாவது ஹாரி பாட்டரைப் புரட்டினேன். 2005ல வந்த புக்.

நம்ம ஊர் கதை மந்திரவாதி ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரே ஒரு கிளிக்குள்ள உயிரை வச்சான். கிளி கழுத்தைத் திருகினா ஆள் காலி.

ஹாரி பாட்டர் வில்லன் வோல்டமோர்ட் உஷார் பார்ட்டி.
டைரி, மோதிரம், லாக்கெட், கோப்பைன்னு உயிரைப் பிரிச்சு, வேற வேற இடத்துல வச்சான்.

ஆனா வச்சதோட சரி. வருஷக்கணக்கா எட்டியே பார்க்கல.
ஒரு குகையில இருந்த லாக்கெட்டை ஒருத்தன் தூக்கிட்டு டூப்ளிகேட்டை வச்சுட்டுப் போயிட்டான். துரைக்குத் தெரியவே தெரியாது!

ஐடி வேலையில குப்பை கொட்டுற எனக்கு, பேக்கப் பாடம் எடுக்க ஒரு மூக்கில்லாத வில்லன் வரவேண்டியிருக்கு 😀

எடுத்து வச்சா மட்டும் போதாதுங்க. ரீஸ்டோர் ஆகுதான்னு பார்த்தாதான் அது பேக்கப்.

நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?