கடுமையான தந்தைக்காகக் கேட்கும் துஆ



பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 24-ஆவது வசனத்தில் அல்லாஹ் கற்றுத்தரும் துஆவை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. சிறுவயதில் தன்னை வளர்த்தது போன்று பெற்றோர் இருவர் மீதும் அருள்புரியுமாறு ஒரு பிள்ளை தன் இறைவனிடம் கேட்கும் துஆ அது. பொருள் புரியும் வயதுக்கு முன்பே மக்தபில் அதை ஓதப் பழகிவிடுகிறோம். பெரும்பாலோர் அதை நெகிழ்ந்து கேட்கிறார்கள். ‘போன்று’ என்ற இடத்தில் நாக்கு தடுமாறுகிற பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் நால்வரும் அத்தகையவர்களே.

எங்கள் அத்தா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, முடியும் சதையும் வழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் வேலை. சுண்ணாம்பு தின்ற விரல்களோடு சுபுஹுக்குப் பின் புறப்படுவார்; இஷா முடிந்து திரும்புவார். வாசலில் அவருடைய செருப்பொலி கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அவர் எங்களிடம் பேசியவை பெரும்பாலும் ஏவல்கள், மிகுதி அதட்டல். சிறு பிழைக்கும் கை ஓங்கினார். எங்கள் இளையவன் ஒருமுறை அடிக்கு அஞ்சி நன்னி வீட்டில் இரண்டு இரவுகள் தங்கினான். அவன் எங்கே என்று அத்தா கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபோது ஒன்றும் சொல்லவும் இல்லை.

பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர் எல்லோரையும் தழுவி முஆனகா செய்வார். தெருவார், தொழிலாளிகள், முன்பின் அறியாத பயணிகள் என எவரையும் விடமாட்டார். எங்கள் முறை வரும்போது ஸலாம் சொல்லிக் கை மட்டும் கொடுப்பார். மூத்த சகோதரி பத்தாம் வகுப்பில் தேறிய மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவே.

2003-ஆம் ஆண்டு அவர் வஃபாத்தானார். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தோம். மூன்று பிடி மண் அள்ளிப் போட்டோம். அழுகை வரவில்லை. உம்மா இத்தாவில் அமர்ந்திருந்த நான்கு மாதம் பத்து நாட்களில் அவரைப் பற்றிச் சிலவற்றைக் கூறினார்கள். பதினொரு வயதில் தந்தையை இழந்தவர், அந்த வயதிலேயே தொட்டியில் இறங்கியவர், தன் தந்தையின் முகமே அவருக்கு நினைவில் இல்லை. கேட்டபோது இரக்கம் பிறந்தது. ஆயினும் அவர் எங்களுக்குச் செய்தது அதனால் நியாயமாகிவிடவில்லை. இரண்டையும் ஒருசேரச் சுமந்தே 20 ஆண்டுகளுக்கு மேலாக அவருக்காகக் கையேந்தி வருகிறோம்.

இதை இப்போது எழுதத் தூண்டியவன் எங்கள் மதரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயது மாணவன். அந்த வசனத்தின் பொருளைச் சொல்லிக்கொடுத்த நாளில், பாடம் முடிந்தும் போகாமல் நின்றான். “ஹஜ்ரத், எங்க அத்தா என்கிட்ட நடந்துக்கிட்ட மாதிரியே அல்லாஹ் அவருகிட்ட நடந்துக்கிட்டா, அவரு பாவமில்லையா?” என்று கேட்டான். அவன் முழங்கையில் தழும்பு இருந்தது. அறியாமல் கேட்ட கேள்வியன்று அது. தன்னை அடிப்பவருக்காக அஞ்சுகிற பிள்ளையின் கேள்வி.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். அவனுடைய தாயிடமும், பள்ளி இமாமை உடன் அழைத்துச் சென்று தந்தையிடமும் பேசினோம். அடிக்கிற கைக்கு மார்க்கத்தில் இடம் தேட வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னோம். அதன் பிறகு அவனுடைய கேள்விக்கு வந்தோம்.

வசனத்தில் உள்ள ‘கமா’ என்ற சொல் அரபு மொழியில் ஒப்புமையை மட்டும் குறிப்பதில்லை, காரணத்தையும் குறிக்கும். பகரா அத்தியாயத்தின் 198-ஆவது வசனத்தில், அல்லாஹ் நேர்வழி காட்டியதற்காக அவனை நினைவுகூருமாறு பணிக்கும் இடத்தில் இதே சொல்லுக்கு இலக்கண அறிஞர்கள் அப்பொருள் கூறுவதுண்டு. பெற்றோருக்கான துஆவிலும் அவ்வாறு பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உள்ளனர். அப்படியானால், ‘எம்மை வளர்த்த காரணத்தால் அவர்களுக்கு அருள்புரிவாயாக’ என்பதே வேண்டுதல். பெற்றோர் காட்டிய இரக்கத்தின் அளவு அங்கே அளவுகோல் ஆகவில்லை.

அத்துடன், அங்கே வருகிற வினைச்சொல் நேசித்ததைப் பற்றியதன்று, வளர்த்ததைப் பற்றியது. எங்கள் அத்தா எங்களைக் கொஞ்சவில்லை. ஆனால் வளர்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த கைகளால் நான்கு வயிறுகளை நிரப்பினார். ஒருநாளும் எங்களைப் பட்டினி போட்டதில்லை; ஹராமான காசு வீட்டுக்குள் வந்ததில்லை. இல்லாத பாசத்தை இருந்ததாகச் சொல்லி அல்லாஹ்விடம் பொய் பேசாமல், இருந்ததைச் சொல்லியே நாம் கேட்கலாம். அந்த வசனம் நமக்கு அவ்வளவு இடம் தருகிறது.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னோம். அதற்கு முந்தைய வசனத்தில், முதுமையடைந்த பெற்றோரை நோக்கி ‘உஃப்’ என்றுகூடச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. இந்த ஒரு சொல்லைக் கொண்டு பிள்ளைகளை அடக்குவோர் அனஸ் (ரலி) அவர்களையும் நினைக்க வேண்டும். சிறுவராக நபி (ஸல்) அவர்களிடம் பணிக்கு வந்து பத்தாண்டுகள் இருந்த அவர், அந்தக் காலம் முழுவதும் நபியவர்கள் தம்மை ‘உஃப்’ என்று சொன்னதே இல்லை என்று அறிவிக்கிறார்கள். பெரியோரிடம் சொல்லக்கூடாத சொல்லைச் சிறியோரிடமும் சொல்லாத வாழ்வு அது. தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஉ பின் ஹாபிஸ் (ரலி) கூறியபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபியவர்கள் எச்சரித்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆகவே கடுமைக்குக் ‘கண்டிப்பான வளர்ப்பு’ என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

இப்ராஹீம் (அலை) அவர்களின் முன்மாதிரியும் நமக்கு உண்டு. மர்யம் அத்தியாயத்தின் 42 முதல் 45 வரையிலான வசனங்களில் அவர்கள் நான்கு முறை ‘என் தந்தையே’ என்று அழைக்கிறார்கள். தந்தை திருப்பிக் கொடுத்ததோ, கல்லால் எறிந்து கொல்வேன் என்ற மிரட்டல். அதற்கும் ஸலாம் கூறியே விலகினார்கள். அஞ்சியோ நடித்தோ அல்ல; சத்தியத்தை முழுமையாகச் சொல்லிவிட்டு, மரியாதையைக் கைவிடாமல் விலகினார்கள். அந்தத் தந்தை இறைவனின் பகைவர் என்று தெளிவானதும் அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுவதிலிருந்தும் விலகிக்கொண்டார்கள் என்று தவ்பா அத்தியாயம் கூறுகிறது. எங்கள் அத்தா தொழுத நெற்றியோடு மவுத்தானவர். அவருக்காகக் கேட்கும் வாசல் எங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

பெற்றோர் மறைந்த பின்பும் அவர்களுக்குச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கப்பட்டபோது, துஆவையும் பாவமன்னிப்புத் தேடுதலையும் அடுத்து, அவர்களின் வாக்குறுதிகளை நிறைவேற்றுவதையும், உறவுகளைப் பேணுவதையும், நண்பர்களைக் கண்ணியப்படுத்துவதையும் நபியவர்கள் குறிப்பிட்டதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. அன்பு சுரக்காத நெஞ்சுக்கும் செய்ய இயலும் காரியங்களே இவை. அத்தாவின் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் ஆறு பேருக்குக் கொடுக்க வேண்டிய கைமாற்றுத் தொகைகள் எழுதப்பட்டிருந்தன. இரண்டு ஆண்டுகளில் நாங்கள் நால்வரும் சேர்ந்து அவற்றைத் தீர்த்தோம்.

அவருடன் வேலை செய்த பெரியவர் ஒருவரை ஆண்டுதோறும் ரமலானில் சென்று பார்க்கிறோம். ஒருமுறை அவர், “உங்க அத்தா இருந்தா ஷாப்புல ஒரே சிரிப்புதான். அவர மாதிரி பேசிச் சிரிக்க வைக்க ஆளு கிடையாது” என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரியாத மனிதரைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் இளையவன், “அதுல ஒரு நாள் சிரிப்ப நமக்குத் தந்திருக்கலாம்” என்றான். எவரும் மறுமொழி சொல்லவில்லை. அந்தக் குறை அப்படியே இருக்கிறது. துஆ அதை அழித்துவிடவில்லை. ஆனால் அந்தக் குறையோடும் துஆ கேட்க முடிகிறது.

இன்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே அத்தா, உம்மா. பெருநாள் தொழுகை முடிந்ததும் முதல் முஆனகா பிள்ளைகளுக்கே என்று எங்கள் வீடுகளில் வழக்கமாக்கிக்கொண்டோம். ஊரார் அதன் பிறகு.

இத்தகைய தந்தையரைப் பெற்ற சகோதர சகோதரிகளுக்கு ஒன்றைக் கூறி முடிக்கிறோம். உள்ளம் உருகினால்தான் துஆ ஏற்கப்படும் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் காயம் அல்லாஹ்வுக்குத் தெரியும்; அதை மறைத்துக்கொண்டு அவன்முன் நிற்க வேண்டியதில்லை. அதையும் சொல்லுங்கள், மன்னிப்பையும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தந்தை எங்களுக்குத் தர இயலாமற்போன இரக்கத்தை அவருக்கு நீ தந்தருள்வாயாக! அவருடைய கப்ரை விசாலமாக்குவாயாக! எங்கள் பிள்ளைகள் எங்களுக்காகக் கையேந்தும்போது அவர்களுடைய நாக்கு தடுமாறாதவாறு எங்களை வாழச் செய்வாயாக! ஆமீன்.