கொப்பிக் கடையும் கட்டுப்பாட்டு விலையும்

கொள்விலையைக் காட்டக் கட்சிக்காரரிடம் இருந்தது ஒரேயொரு ஆவணம். அதை மன்றில் நீட்டினால் அது அவருக்கே எதிராகத் திரும்பும். அப்படி ஒரு வழக்கில் நான் ஆஜராகியிருக்கிறேன். அவர் குச்சவெளியில் சில்லறைக்கடை வைத்திருந்தார். ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் 'காக்கா'. குற்றச்சாட்டு ஒரு வரிதான்: கட்டுப்பாட்டு விலை 230 ரூபாய் என்றிருக்க, ஒரு கிலோ நாட்டரிசியை 245 ரூபாய்க்கு விற்றார்.

2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு அதிகபட்ச விலைகளை வர்த்தமானியில் அறிவித்திருந்தது. உள்ளூர் நாட்டரிசி மொத்த விலை 225, சில்லறை விலை 230. சம்பா 235, 240. கீரிச்சம்பா 255, 260. எந்த வகையை எடுத்தாலும் சில்லறை வியாபாரிக்கு விடப்பட்டது கிலோவுக்கு 5 ரூபாய். திருகோணமலைப் பட்டணத்திலிருந்து குச்சவெளிக்கு நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி தாண்டி முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். வாகனக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, சாக்கில் சிந்துவது, எலி தின்பது எல்லாவற்றையும் அந்த 5 ரூபாய்தான் தாங்க வேண்டும். லொறி லொறியாக இறக்கும் கடைக்கு அது இலாபம். சில மூடைகள் மட்டும் இறக்குபவருக்குச் செலவுக்கே காணாது. வர்த்தமானி இருவரையும் ஒரே வரியில் எழுதியிருந்தது.

காக்கா அரிசியோடு வேறு சிலவற்றையும் விற்றார். அவற்றுக்குத் தனி விலை கிடையாது. டிசம்பர் என்றால் கிழக்குக் கரையில் வாடை. கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறிவிடும், வீடுகளில் காசு புழங்காது. அந்த மாதங்களில் ஊரைத் தாங்குவது கடைக் கொப்பி. அவருடைய கொப்பியை நான் புரட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம், மேலே ஆளின் பெயரோ வள்ளத்தின் அடையாளமோ. நவம்பரிலிருந்து பற்று மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டு போகும். கடல் அடங்கி மீன் பட்ட பிறகுதான் வரவுப் பக்கத்தில் பேனை படும். கால் கிலோ சீனியும் நிறுத்துத் தருவார். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகக் காசு கேட்டுக் கதவைத் தட்டினால் அதையும் கொப்பியில் எழுதுவார். காப்பெட் வீதி வந்த பிறகு பட்டணத்துப் பெரிய கடைகள் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. அங்கே கழிவு விலை உண்டு, கணினிப் பில் உண்டு, கொப்பி கிடையாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் இத்தகைய வழக்கை நிரூபிப்பது எளிது. வாங்குபவர் போல ஒருவர் போவார், ஒரு கிலோ கேட்பார், காசு கொடுப்பார், துண்டு வாங்குவார். பிறகு அதிகாரிகள் உள்ளே வருவார்கள். வர்த்தமானியும் அந்தத் துண்டும் இருந்தால் வழக்கு முடிந்தது. 1950ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இந்தச் சட்டம் நீக்கியபோதும், நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று அது வியாபாரியைக் கேட்கவில்லை. அதில் நியாயம் இல்லாமலில்லை: கொள்விலையைக் காட்டித் தப்பலாம் என்றால் ஆளாளுக்கு ஒரு கொள்விலை முளைக்கும். வந்த அதிகாரிகளும் முறைப்படியே நடந்தார்கள்; அவர்கள் மேல் சொல்வதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை.

ஆனாலும் தண்டத்தைக் குறைக்கக் கேட்பதற்குக் கொள்விலை உதவும் என்று நினைத்து மொத்த வியாபாரியின் பில்லைக் கேட்டேன். காக்கா அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சேர், இதுல 225 எண்டுதான் கிடக்கு. நான் குடுத்தது 236. மேல்காச கையில எண்ணி வாங்கின பொறகுதான் மூடைய ஏத்த விட்டாங்க." கூலி 4 ரூபாய் சேர்ந்தால் அடக்கம் 240. 245க்கு விற்றால் மிஞ்சுவது 5 ரூபாய். பில்லை நம்பினாலோ கூலி போக இலாபம் 16 ரூபாய். உண்மையைச் சொல்ல அவர் சாட்சிக் கூண்டில் ஏறி மொத்த வியாபாரியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். "அவரக் காட்டிக் குடுத்தா நாளைக்கு எனக்கு ஆர் சேர் அரிசி தாற?" என்றார். அந்த மொத்த வியாபாரியின் கொப்பியில் காக்காவுக்கும் ஒரு பக்கம் இருந்தது. பில் என் கோப்புக்குள்ளேயே கிடந்தது.

குற்றத்தை ஒப்புக்கொண்டோம். 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்கு முன்னர் இந்தக் குற்றத்துக்குத் தண்டம் ஆயிரங்களில் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு தனிநபருக்கு ஆகக்குறைந்தது 1 இலட்சம், ஆகக்கூடியது 5 இலட்சம். கம்பனிக்கு 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வரை. 1 இலட்சத்துக்குக் கீழே இறங்க நீதவானுக்கு அதிகாரமில்லை. கிலோவுக்கு 5 ரூபாய்ப்படி அந்த 1 இலட்சத்தைத் தேட 20,000 கிலோ அரிசி விற்க வேண்டும். சட்டம் ஆளையும் கம்பனியையும் பிரித்ததே தவிர, கடையின் அளவைப் பார்க்கவில்லை. கம்பனியாகப் பதியாமல் சொந்தப் பெயரில் களஞ்சியம் களஞ்சியமாக வியாபாரம் செய்பவரும் தனிநபர்தான். தட்டுத் தராசுக்காரரும் தனிநபர்தான்.

எஞ்சியிருந்தது ஒரு வழி. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் நன்னடத்தையையும் சூழ்நிலையையும் கருதி, குற்றவாளி என்று தீர்ப்பெழுதாமலே எச்சரித்து விடுவிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு இடம் தருகிறது. கொப்பியை எடுத்துக் காட்டினேன். இவர் விற்கும் விலைக்குள் மூன்று நான்கு மாதக் கடனும் தூரமும் அடங்கியிருக்கின்றன. வட்டி என்று தனியாக ஒரு சதமும் வாங்குவதில்லை என்றேன். நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால் கைக்காசு கொடுத்து வாங்கியவரிடமும் ஏன் அதே விலை?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் 236. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சேவையை மட்டும் வைத்து வாதாடியதால், சேவையே வேண்டாதவரிடம் அதற்குக் காசு வாங்கியதாக முடிந்தது. அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. மாதச் சம்பளக்காரரான ஓர் ஆசிரியர் அந்தக் கடையில் எப்போதும் கைக்காசுக்கே வாங்குவார். அண்டை வீட்டாரின் கடன் சுமையில் ஒரு பங்கை அவர் தனக்குத் தெரியாமலே சுமந்திருக்கிறார். பெரிய கடையில் அவருக்கு அந்தச் சுமை இல்லை. வியாபாரிகள் தத்தம் தயாள குணத்துக்குத் தாங்களே விலை போடலாம் என்று விட்டால், தட்டுப்பாட்டுக் காலத்தில் உச்ச விலை என்று ஒன்று நிற்காது. நீதவான் அதையே சுருக்கமாகச் சொல்லி, ஆகக்குறைந்த தண்டத்தை விதித்து, கட்டுவதற்குத் தவணையும் கொடுத்தார். நான் அந்த ஆசனத்தில் இருந்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

அடுத்த முறை அகப்பட்டால் ஆகக்குறைந்த தண்டமே 2 இலட்சம். ஆகவே காக்கா அரிசி எடுப்பதை நிறுத்திவிட்டார். அதே நாட்களில் பட்டணத்துப் பெரிய கடை ஒன்றிலும் நாட்டரிசித் தட்டு வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தேன்; விலைச்சீட்டில் மட்டும் 230 என்று அச்சாகியிருந்தது. அரிசி இருந்து மறைத்தால் குற்றம். இல்லாமல் இருந்தால் குற்றமில்லை. ஆக, 230 என்று எழுதிப் போட்டு அரிசி இல்லாத கடை சட்டத்துக்கு அமைவானது. 245க்கு அரிசியும் கடனும் தந்த கடை குற்றவாளி. குச்சவெளிக்காரர் பஸ் ஏறிப் பட்டணம் போய் மலிவு விலையில் ஐந்து கிலோ கிடைத்தால், மிச்சம் பிடித்த காசைப் பஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. மார்ச்சில் புது நெல்லரிசி வந்தபோது காக்கா மறுபடியும் மூடை இறக்கினார், கட்டுப்பாட்டு விலைக்கே. ஆனால் 'கைக்காசு மட்டும்' என்றார். ஆசிரியருக்கு அது இலாபம். வள்ளக்காரர் வீடுகளுக்கு அடுத்த வாடையை எப்படித் தாண்டுவது என்ற கவலை.

மலிவு விலையா, நல்ல கவனிப்பா என்று வாடிக்கையாளர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்பார்கள். குச்சவெளியில் அந்தத் தேர்வைச் செய்தது ஒரு பில். உச்ச விலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கஞ்சிக்கு அரிசி தேடும் வீட்டுக்கு அது ஒரு காவல். ஆனால் சுற்றிவளைப்பு கடைசிக் கடையில் தொடங்கி அங்கேயே முடிகிறபோது, மூடைக்கு மேல்காசு வாங்கியவர் பில்லோடு பத்திரமாக இருக்கிறார், கிலோவுக்கு விற்றவர் கூண்டில் நிற்கிறார். மேலே உள்ளவரைப் பற்றி உண்மை சொல்லும் சில்லறை வியாபாரிக்குப் பாதுகாப்பும், ஆகக்குறைந்த தண்டத்தைக் கடையின் அளவுக்கேற்பக் குறைக்க நீதவானுக்கு அதிகாரமும் சட்டம் தந்திருந்தால், அந்தப் பில்லை நான் கோப்பிலிருந்து எடுத்திருப்பேன். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய ஆளும் மாறியிருப்பார்.